மரகதம் திரும்பிப் போகவில்லை

செம்பாக்கம் ஏரி நிறைந்துவிட்டது என்று தெருவில் யாராவது சொன்னால் ரத்தினபாய் முதலில் தூக்கி வைப்பது கம்ப்யூட்டரைத்தான். அரிசி டிரம், கேஸ் சிலிண்டர், துணி மூட்டை எல்லாம் அப்புறம். மானிட்டரை பெட்ஷீட்டில் சுற்றிப் பரணுக்குக் கொடுப்பாள். சி.பி.யூ.வைக் கட்டில்மேல் நாற்காலி போட்டு அதன்மேல் வைப்பாள். அந்த வருஷம் கார்த்திகை மழையில் தண்ணீர் வாசல் வரை வந்து, இரண்டு நாள் நின்று யோசித்துவிட்டு, உள்ளே வராமலே வடிந்தது. வடிந்த மூன்றாம் நாள் சேறு கழுவின ஈரத்தரையில் கோணிப்பை விரித்து அவள் வேலைக்கு உட்கார்ந்துவிட்டாள்.

அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. பிளஸ் டூ முடித்து, தமிழ், இங்கிலீஷ் இரண்டிலும் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவள். சபைப் பத்திரிகை, கல்யாணப் பத்திரிகை, கோயில் கும்பாபிஷேக நோட்டீஸ் என்று எல்லாம் அடிப்பாள். ஆனால் பதினேழு வருஷமாக அவளுடைய பெரிய வேலை குரோம்பேட்டை சம்பந்தத்திடமிருந்து வருவது. கண்ணாடிக் கடை மாடியில் அவருக்கு ஒரு பதிப்பகம். நூறு வருஷத்துப் பழைய நாவல்களைத் தேடியெடுத்து மறுபதிப்புப் போடுவார். அந்தக் காலத்து எழுத்தை இன்றைய பிள்ளைகளால் படிக்க முடியாது. 'லை' யானைத் தும்பிக்கை மாதிரி கொம்பைத் தூக்கிக்கொண்டு நிற்கும். 'றா'வும் 'னா'வும் சுருண்டு கிடக்கும். ஸ்கேன் செய்து மெஷினிடம் கொடுத்தால் மெஷின் வாந்தி எடுத்ததுபோலத் தரும். ரத்தினபாய் மட்டும் எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டுகிற வேகத்தில் அதைப் படித்து அடித்துக்கொண்டே போவாள்.

அவள் கணவர் ஞானையா பள்ளிக்கூட வேன் ஓட்டியவர். சர்க்கரை வியாதியில் வலது காலில் இரண்டு விரல் எடுத்த பிறகு வேனை விட்டுவிட்டார். விரல் எடுக்க ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய அன்றைக்கு ஜி.எஸ்.டி. ரோட்டில் முழங்கால் தண்ணீர். ஆட்டோ ஒன்றும் வரவில்லை. சம்பந்தம்தான் தன் காரைத் தண்ணீருக்குள் இறக்கி அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். ஆபரேஷன் முடிகிற வரை, இரண்டு நாள், வராந்தா பெஞ்சில் ரத்தினபாய்க்குத் துணையாக உட்கார்ந்திருந்தார். அதிலிருந்து அந்த வீட்டில் அவருக்கு மறுபேச்சுக் கிடையாது.

வேனை விட்டபின் ஞானையா சமையலை எடுத்துக்கொண்டார். முதலில் பொழுது போகாமல் செய்தது, பிறகு ரோஷத்தோடு செய்வதாயிற்று. காலையில் கேழ்வரகு அடை, மத்தியானம் கொள்ளு ரசம், நெத்திலிக் கருவாடு, சுட்ட அப்பளம். சாப்பிட்டு முடிந்ததும் இரண்டு பேரும் ஒப்புநோக்க உட்காருவார்கள். ஞானையா மூலப் பிரதியை உரக்கப் படிப்பார். ரத்தினபாய் தான் அடித்ததில் பேனா வைத்துத் திருத்திக்கொண்டே வருவாள். பைபிள் வாசித்துப் பழகின குரல். காற்புள்ளிக்குக்கூட மரியாதை கொடுத்து நிற்பார்.

அந்த மழை வாரத்தில் சம்பந்தம் கொடுத்திருந்தது 'மரகதாம்பிகை அல்லது கற்பின் வெற்றி'. மு. கங்கையம்மாள் எழுதியது. 1915, இரண்டாம் பதிப்பு. ஒரு கல்லூரியில் பாடமாக வைக்க ஏற்பாடாகியிருந்தது. பாடத்திட்டக் குழுவில் செல்வாக்கு உள்ள பேராசிரியர் ஏகநாதன் முன்னுரை எழுதிக் கொடுத்துவிட்டார். "பத்து நாள்ல ஃபைல் வேணும் சிஸ்டர். இந்த ஒரு புக்குதான் இந்த வருஷம் என்னைத் தூக்கி நிறுத்தணும்" என்று சம்பந்தம் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

கதை எளிமையானது. மரகதத்தின் கணவன் இரண்டாவதாக ஒருத்தியைக் கட்டிக்கொண்டு வருகிறான். மரகதம் அதே வீட்டில் இருவருக்கும் வடித்துப் போட்டுக்கொண்டு இருக்கிறாள். பிறகு ஒருநாள் படி இறங்கிச் சைதாப்பேட்டைக்குப் போய், பெண் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கிறாள். ஒன்பதாம் அதிகாரத்தை வாசிக்கும்போதே ஞானையா நிறுத்தி, "இந்தம்மா சமைச்சிருக்கு" என்றார்.

"எந்தம்மா?"

"எழுதின அம்மா. கேளு. 'விறகு ஈரம். ஊதி ஊதிக் கண் சிவந்தது. கஞ்சி வடிக்கையில் கைத்துணி நழுவி மணிக்கட்டைச் சுட்டது. சுட்டதை யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.' இது சுட்டுக்கினவங்க எழுதினது ரத்தினம்."

தம் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார். அங்கேயும் ஒரு தழும்பு இருந்தது.

இருபத்தொன்றாம் அதிகாரத்தில் அவர் மறுபடி நின்றார். மழை விட்டு வெயில் வந்திருந்தது. கொடியில் போர்வைகள் ஆவி விட்டுக்கொண்டிருந்தன.

"'மரகதாம்பிகை தன் பிழையை உணர்ந்து நாதனின் திருவடிகளைக் கண்ணீரால் கழுவினாள். பின்பு ஒரு நொடியில் அறுசுவை உண்டி சமைத்து இலையிலிட்டாள்.'" படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "ஒரு நொடியிலயா?"

"அந்தக் காலத்துல அப்படித்தான் எழுதுவாங்க."

"இந்தம்மா எழுத மாட்டாங்க. இருபது அதிகாரமா அரிசி கழுவுறாங்க, புளி கரைக்கிறாங்க, உப்பு இல்லன்னு பக்கத்து வூட்டுக்குப் போறாங்க. இப்ப நொடியில அறுசுவையா. இத எழுதினவன் அடுப்பங்கரைப் பக்கமே போகாதவன். இது வேற ஆளு ரத்தினம்."

ரத்தினபாய் சிரித்தாள். ஆனால் கை தானாக முதல் பக்கங்களுக்குப் போய், ஆரம்பத்தில் அவள் பொருட்படுத்தாமல் அடித்துவிட்டிருந்த பதிப்பாளர் குறிப்பைத் திறந்தது. 'ஸ்திரீகள் கையிற்கொள்ளத் தக்கவண்ணம் சிற்சில இடங்களைச் சகோதரியாரின் பொருட்டு யாமே செப்பஞ்செய்திருக்கின்றோம்.' அவள் அந்த வரியை இரண்டு முறை படித்தாள். அதோடு, இருபதாம் அதிகாரத்தில் நாலு பக்கம் கரையான் அரித்துப் போயிருந்தது. அந்தப் பக்கங்களுக்காக எப்படியும் வேறு பிரதி தேட வேண்டும். அவளுக்குத் தெரிந்து அதற்கு ஒரே ஒரு வீடுதான்.

மாடம்பாக்கம் கோயிலுக்குப் பின்தெருவில் பொன்னுரங்கம் இருந்தார். தபால் ஆபீசில் கடிதம் பிரித்து ஓய்வு பெற்றவர். பழைய பேப்பர் கடைகளில் எடைக்கு வருகிற புத்தகங்களை முப்பது வருஷமாக மீட்டுக்கொண்டு வந்து வீட்டில் அடுக்கியிருந்தார். அவருடைய புத்தகப் பட்டியலை ஒருமுறை ரத்தினபாய்தான் அடித்துக் கொடுத்தாள். கேம்ப் ரோட்டில் ஷேர் ஆட்டோ பிடித்து, பள்ளம் பள்ளமாக இறங்கி ஏறி, புடவை ஓரமெல்லாம் சேறாகப் போய் நின்றாள்.

"இன்னா தங்கச்சி, இந்த சேத்துல வந்துகினு கீற" என்றார் பொன்னுரங்கம். "குந்து. டீ சாப்புடு மொதல்ல."

"கங்கையம்மாள் எழுதின மரகதாம்பிகை இருக்காண்ணா? நாலு பக்கம் வேணும்."

"கீது. அட்டை இல்ல. பல்லாவரத்துல ஒரு பேப்பர் கடைக்காரன் எடை போட்டுகினு இருந்தான். நான் போய் தராசுலேர்ந்து எடுத்துகினு வந்தேன். ஆனா வெளிய குடுக்க மாட்டேன். இங்கியே பாத்துக்கோ."

வேப்பிலை வாசனையோடு ஒரு துணிப்பையிலிருந்து புத்தகம் வந்தது. தலைப்புப் பக்கத்தைப் பார்த்ததும் ரத்தினபாய் டம்ளரைக் கீழே வைத்தாள். 'மரகதாம்பிகை அல்லது வாசற்படி தாண்டியவள்.' 1912. முதல் பதிப்பு.

"அண்ணா, இது வேற தலைப்பு."

"அதான் சொல்றேன். அந்த ரெண்டாவது புக்கு நானும் பாத்துகீறேன், சுத்த பேஜாரு. இத்த பாரு." கடைசிப் பக்கத்துக்கு உள்ளே ஒட்டியிருந்த ஒரு தாளைக் காட்டினார். கையகலத் தாள், தேநீர் நிறம் ஏறியிருந்தது. ரத்தினபாய் ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் படித்தாள்.

'விளம்பரம். எனது மரகதாம்பிகை என்னும் நாவலின் இரண்டாம் பதிப்பிற் காணப்படும் கடைசி மூன்று அதிகாரங்களும் என்னால் எழுதப்பட்டவையல்ல. தலைப்பும் நான் இட்டதன்று. பிரசுரகர்த்தர் எனக்கு அறிவியாமல் செய்தது. கேட்டதற்கு, ஸ்திரீக்கு முடிவெழுதத் தெரியாதென்று மறுமொழி வந்தது. ஆதலால் இதனை நானே அச்சிட்டு என்னிடம் மீந்த பிரதிகளில் ஒட்டுகிறேன். என் மரகதம் திரும்பிப் போகவில்லை. போகவும் மாட்டாள். மு. கங்கையம்மாள், சைதாப்பேட்டை, 1916.'

தெருவில் ஐஸ்கிரீம் வண்டி மணியடித்துக்கொண்டு போயிற்று. ரத்தினபாய் கடைசி இரண்டு வரியை மறுபடி படித்தாள்.

"எத்தினி பேர் கிட்ட காட்டிருப்பேன்" என்றார் பொன்னுரங்கம். "அல்லாரும் போட்டோ புடிச்சிகினு போவாங்க. அதோட செரி. நீ இன்னா பண்ணப் போற?"

"அந்த நாலு பக்கத்தோட இந்தக் கடைசி மூணு அதிகாரத்தையும் அடிக்கப் போறேன்ணா. தினம் வரலாமா?"

நாலு நாள் போனாள். செல்போனில் பக்கம் பக்கமாகப் படமெடுத்தால் எழுத்து கலங்குகிறது என்று, நோட்டில் கையால் எழுதிக்கொண்டாள். நோட்டீசை மட்டும் ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் படமெடுத்துக்கொண்டாள். முதுகு வலித்தது. பொன்னுரங்கம் மனைவி இட்லிப் பொடி கலந்த சாதமும் மோரும் கொடுத்தாள். நாலாம் நாள் கடைசிப் பக்கத்துக்கு வந்தாள். கணவன் மாட்டுவண்டி கட்டிக்கொண்டு சைதாப்பேட்டைக்கு வருகிறான். ஊரே பார்த்துக்கொண்டு நிற்கிறது. அவன் கூப்பிடுகிறான், மிரட்டுகிறான், அழுகிறான். மரகதம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, 'மாட்டிற்குத் தண்ணீர் காட்டிவிட்டுப் புறப்படுங்கள். வெயில் ஏறுகிறது' என்று சொல்லிவிட்டுப் பிள்ளைகளிடம் போகிறாள். அவ்வளவுதான். அதற்குக் கீழே 'முற்றும்' என்றுகூடப் போடவில்லை.

மறுநாள் காலை குரோம்பேட்டை போனாள். சம்பந்தம் மேஜையில் டிபன் பொட்டலம் பிரித்துவைத்திருந்தார். அவள் இரவே அடித்து எடுத்த மூன்று அதிகாரத்தையும் நோட்டீஸ் நகலையும் நீட்டினாள். கையைத் துடைத்துக்கொண்டு நோட்டீஸ் நகலைப் படித்தார், மறுபடி படித்தார்.

"பெரிய கண்டுபிடிப்பு சிஸ்டர்" என்றார். நிஜமாகவே சொன்னார். "இத வெச்சு ஒரு கட்டுரையே எழுதலாம். அடுத்த பதிப்புல சேர்த்துடலாம்."

"இந்தப் பதிப்புல சார்."

"இந்தப் பதிப்பு பாடப் புத்தகம். புரொஃபசர் முன்னுரை எழுதிட்டார், கமிட்டி ஓகே பண்ணிடுச்சு. தலைப்பே 'கற்பின் வெற்றி'ன்னுதான் சிலபஸ்ல ஏறியிருக்கு. இப்ப போய் நாயகி திரும்பி வரலன்னா, முன்னுரை என்னாகறது? என் நிலைமை என்னாகறது?"

"அந்தம்மா அவங்க எழுதலன்னு சொல்றாங்களே சார். அச்சுல சொல்றாங்க."

"நூறு வருஷம் பொறுத்தாங்க. இன்னும் ரெண்டு வருஷம் பொறுக்க மாட்டாங்களா?" சிரித்தார். அவள் சிரிக்காததைப் பார்த்து அவரும் நிறுத்திக்கொண்டார். "ஃபைலை அனுப்புங்க சிஸ்டர். பிரஸ்ல பேப்பர் எறக்கிட்டாங்க."

"இருபது அதிகாரம் அனுப்பறேன். ரெண்டாம் பதிப்புல இருக்கற மீதி மூணும் நான் அடிச்சது இருக்கு. ஆனா அதை அவங்க பேருல அனுப்ப மாட்டேன்."

"நீங்க டைப் பண்றவங்க சிஸ்டர்." குரல் உயரவில்லை. அதனால்தான் அது சுருக்கென்று தைத்தது.

"ஆமா சார். அதனாலதான் ஒவ்வொரு எழுத்தும் என் கை வழியா போகுது."

வீட்டில் ஞானையா எதுவும் கேட்காமல் சோறு போட்டார். முள்ளங்கிச் சாம்பார். அவள் சொல்லி முடிக்கும் வரை கரண்டியைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

"நான்தானே ஆரம்பிச்சேன்" என்றார் கடைசியில். "வாயை வெச்சுகினு சும்மா இருந்திருக்கலாம். ரத்தினம், அவரு என்னைத் தூக்கிக்கினு போனவரு. அன்னிக்கு அவரு வரலன்னா எனக்குக் காலே இருக்காது. செத்துப்போன அம்மாவுக்காக உயிரோட இருக்கறவரை நோகடிக்கறதா?"

"அவர் செஞ்சதை நான் மறக்கலங்க."

"அப்ப?"

மகள் அபிகாயில் ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்ப்பவள். அப்போதுதான் வந்து பையை வீசிவிட்டு உட்கார்ந்தாள். "என்னப்பா, அம்மாவை மெரட்டறீங்களா?" என்று கேட்டு, விஷயம் தெரிந்ததும் சாம்பாரைக் கிண்டிக்கொண்டே சொன்னாள்: "லேப்ல ஒருத்தரோட ரிப்போர்ட்டை இன்னொருத்தர் பேருல போட்டா எங்களை வேலையை விட்டே தூக்கிடுவாங்க. மாத்தச் சொல்றவர் நமக்கு எவ்வளவு உதவி செஞ்சிருந்தாலும் சரி. இதுல என்ன யோசனை?"

"உனக்கு வேலை போகாது, அம்மாவுக்குப் போகும்" என்றார் ஞானையா.

"போகட்டும். கல்யாணப் பத்திரிகை அடிக்கட்டும்."

ரத்தினபாய் தட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். "பேராசிரியரைப் போய்ப் பாக்கறேன்" என்றாள். "படிச்சவர். காட்டினா புரிஞ்சுப்பார்."

ஏகநாதன் ஓய்வுக்குப் பிறகு படப்பை தாண்டி ஒரு தோட்ட வீட்டில் இருந்தார். தாம்பரத்தில் பஸ் ஏறினாள். ஒரகடம் கம்பெனிகளுக்குப் போகிற பெண்கள் கழுத்தில் அட்டையைத் தொங்கவிட்டபடி நின்றுகொண்டே தூங்கினார்கள். படப்பையில் இறங்கி விசாரித்துக்கொண்டு நடந்தாள். பேராசிரியர் மரியாதையாக உட்காரச் சொன்னார். நோட்டீசைப் பார்த்தார். நகத்தால் ஓரத்தைச் சுரண்டினார், அது நகல் என்பதை மறந்து.

"இது போலியாவும் இருக்கலாம் இல்லையா?"

"போலியா அடிச்சு ஒட்டி நூறு வருஷம் காத்திருந்து யாருக்கு சார் என்ன ஆகப்போகுது?"

"நீங்க எங்க ரிசர்ச் பண்றீங்க?"

"நான் டைப்பிஸ்ட் சார். உங்க முன்னுரையையும் நான்தான் அடிச்சேன்."

அவர் முகத்தில் இருந்த ஆர்வம் போய் ஒரு பொறுமை வந்தது. "பாருங்கம்மா. பிரதி பேதம்னு ஒண்ணு எல்லாப் பழைய நூல்லயும் வரும். அதை எப்படிக் கையாளணும்னு ஒரு முறை இருக்கு. அதுக்குன்னு படிச்சவங்க இருக்காங்க."

ரத்தினபாய் பையிலிருந்து முன்னுரைத் தாளை எடுத்தாள். வரும்போதே அதைக் காட்டக் கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் வந்தாள். "சார், இங்க ஒரு வரி இருக்கு. 'கணவனின் பாதத்தில் விழும் இருபத்தொன்றாம் அதிகாரம் நாவலின் சிகரம். பெண்ணின் அகவுலகை இவ்வளவு நுட்பமாக ஒரு பெண்ணால் மட்டுமே எழுத முடியும்.' அந்த அதிகாரம் பதிப்பாளர் எழுதினது சார். ஆம்பளை."

பேராசிரியர் தாளை வாங்கவில்லை. காப்பி கொண்டுவந்த அவர் மனைவி சந்திரிகா, டம்ளரைக் கொடுக்க மறந்து அதே இடத்தில் நின்றாள். பிறகு டிரேயை வைத்துவிட்டு, "அந்த நோட்டீஸ் நான் பாக்கலாமா?" என்று கேட்டாள். வாங்கி வாய்விட்டுப் படித்தாள். கடைசி வரிக்கு வந்ததும் குரல் மெதுவாயிற்று. "போகவும் மாட்டாள்" என்று தனக்குள் ஒருமுறை சொல்லிக்கொண்டு, கணவர் முகத்தைப் பார்க்காமல் தாளைத் திருப்பிக் கொடுத்தாள்.

"நான் யோசிக்கணும்" என்றார் ஏகநாதன். அதோடு எழுந்துவிட்டார். ரத்தினபாய் காப்பி குடிக்காமலே வந்தாள்.

இரண்டு நாள் கழித்துக் காலையில் சம்பந்தமே வந்தார். கையில் ஆரஞ்சுப் பழம். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "படப்பை வரைக்கும் போயிருக்கீங்க. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல" என்றார். ஞானையா அடுப்பைத் தணித்துவிட்டு நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"சரி, விடுங்க. நானும் யோசிச்சேன்" என்றார் சம்பந்தம். "உங்க உழைப்பு வீண் போக வேண்டாம். அந்த மூணு அதிகாரத்தையும் கடைசியில பின்னிணைப்பா போட்டுடறேன். நோட்டீசையும் போடறேன். சின்ன எழுத்துல. கதை ரெண்டாம் பதிப்புப்படியே இருக்கட்டும். யாருக்கும் சங்கடம் இல்ல. என்ன அண்ணா?"

ஞானையா முகத்தில் நிம்மதி தெரிந்தது. மனைவியைப் பார்த்தார். அவள் அடையாளத்துக்குத் தாளில் விரல் வைத்தபடி இருந்தாள்.

"பின்னிணைப்பு போடுங்க சார்" என்றாள். "அந்த ஆள் எழுதினதைப் பின்னிணைப்பா போடுங்க. அந்தம்மா எழுதினது கதையில வரணும்."

"சிஸ்டர்."

"அவங்க புஸ்தகத்துல அவங்க எதுக்கு சார் பின்னால போய் நிக்கணும்?"

சம்பந்தம் ஆரஞ்சுப் பையை மடியிலிருந்து தரையில் வைத்தார். "மூணு அதிகாரம். அரை நாள் வேலை. பழைய எழுத்து படிக்கிற ஆள் எனக்கு வேற கிடைக்காதுன்னு நினைக்கிறீங்களா?"

"கிடைப்பாங்க சார். குடுங்க, நான் தடுக்க முடியாது. ஆனா அந்தம்மா அன்னிக்குத் தனியா நோட்டீஸ் அடிச்சாங்க. என் வீட்டுலயே பிரின்டர் இருக்கு. புக்கு வந்த அன்னிக்கு அந்தக் காலேஜ் கேட்ல நான் நிப்பேன். ஒவ்வொரு பிள்ளை கையிலயும் ஒண்ணு குடுப்பேன்."

சம்பந்தம் அவளைவிட்டு ஞானையா பக்கம் திரும்பினார். "அண்ணா, நான் இந்த வீட்டுக்கு அந்நியனா? அன்னிக்கு உங்களைக் கொண்டுபோனப்ப நான் கணக்குப் பாத்தேனா?"

ஞானையா சுவரைப் பிடித்து எழுந்து நின்றார். அந்தக் காலில் நிற்பது அவருக்குச் சிரமம். "இல்ல சார். நீங்க செஞ்சதுக்கு என் உயிர் உள்ளவரை உங்க முன்னால நான் உக்கார மாட்டேன். அதுக்குப் பதிலா என்கிட்ட எதை வேணும்னாலும் கேளுங்க. உங்க ஆபீசைப் பெருக்கச் சொல்லுங்க, பெருக்கறேன். ஆனா அது என்னோட கடன். அதை ரத்தினத்துகிட்ட வசூல் பண்ணாதீங்க. அந்தம்மா கிட்ட இருந்து எடுத்து நாங்க அடைக்க முடியாது சார். அது எங்களது இல்ல."

ரத்தினபாய் கணவரை நிமிர்ந்து பார்த்தாள். இருபத்தெட்டு வருஷத்தில் அவர் இவ்வளவு நீளமாகப் பேசி அவள் கேட்டதில்லை. சம்பந்தம் செருப்பு மாட்டிக்கொண்டு போனார். பழப்பை அங்கேயே இருந்தது. அதை யாரும் தொடவில்லை. மாலையில் அபிகாயில் வந்து, "பழம் என்ன பாவம் பண்ணுச்சு" என்று உரித்துச் சாப்பிட்டாள்.

அதன்பிறகு பதினொரு நாள் குரோம்பேட்டையிலிருந்து ஒரு சேதியும் இல்லை. பதினேழு வருஷத்தில் இப்படி நடந்ததில்லை. கிறிஸ்மஸ் நெருங்கிக்கொண்டிருந்ததால் சபைப் பாட்டுத்தாள்கள் வந்தன. ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து ஒரு காதுகுத்துப் பத்திரிகை வந்தது. ரத்தினபாய் அவற்றை அடித்து முடித்துவிட்டு மத்தியானத்தில் சும்மா உட்கார்ந்திருப்பாள். ஞானையா பழக்கத்தில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எதிரே வந்து உட்காருவார், படிக்க ஒன்றும் இருக்காது. இரண்டு பேரும் பச்சைப் பட்டாணி உரிப்பார்கள். ஒருநாள் அவள், "தப்புப் பண்ணிட்டேனாங்க?" என்று கேட்டாள்.

"பயமா இருக்கா?"

"இருக்கு."

"எனக்கும் இருக்கு. தப்பு இல்ல" என்றார் அவர். பட்டாணித் தோலை முறத்தில் தள்ளினார்.

ரத்தினபாய் எழுந்துபோய் அச்சிடும் தாள் கட்டு ஒன்றை எடுத்து வைத்தாள். நோட்டீசை ஏற்கெனவே கட்டம் போட்டு அடித்துவைத்திருந்தாள். கீழே தன் பெயரையும் சேர்த்தாள். முதலில் 'ரத்தினபாய்' என்று மட்டும் அடித்தாள். கொஞ்சம் யோசித்து, 'டைப்பிஸ்ட், செம்பாக்கம்' என்று அடுத்த வரியில் போட்டாள்.

பன்னிரண்டாம் நாள் பதினோரு மணிக்கு போன் அடித்தது. ஞானையா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். திரையில் சம்பந்தம் பெயரைப் பார்த்ததும் கத்தியை வைத்துவிட்டார்.

"ஏகநாதன் முன்னுரையை வாபஸ் வாங்கிட்டார்" என்றார் சம்பந்தம், வணக்கம்கூடச் சொல்லாமல். "காரணம் சொல்லல. காலேஜ்ல இந்த வருஷம் வேற புக்கு வெச்சுட்டாங்க. உங்களுக்குச் சந்தோஷமா?"

ரத்தினபாய் சுவரில் சாய்ந்தாள். "இல்ல சார். உங்களுக்கு நஷ்டம்னு தெரியும். அதுல எனக்கு என்ன சந்தோஷம்."

அந்தப் பக்கம் சம்பந்தம் ஜன்னலைச் சாத்தும் சத்தம் கேட்டது; பஸ் ஹாரன் அடங்கியது.

"வேற ஆள்கிட்ட குடுத்தேன். மூணு அதிகாரமும் அடிச்சு வந்துச்சு. சரி பாக்கலாம்னு உக்காந்தேன். நீங்க குடுத்த மூணும் பக்கத்துலயே இருந்துச்சு. ரெண்டையும் படிச்சேன்." நிறுத்தினார். "பதினேழு வருஷமா பழைய நாவல் போடறேன் சிஸ்டர். போடற புக்கை நான் முழுசா படிச்சு ரொம்ப நாளாச்சு. மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டுப் போங்கன்னு சொல்றா. அவ்வளவுதான் சொல்றா. அந்த மனுஷன் அப்புறம் என்ன பண்ணுவான்னு நேத்தெல்லாம் யோசிச்சுக்கிட்டே இருந்தேன்."

அவள் போனை மறு காதுக்கு மாற்றினாள்.

"சரி. முன்னுரை இல்ல, காலேஜ் இல்ல. யாருக்குப் பயந்து நான் போடணும். பின்னிணைப்புக்கு என்ன சைஸ் வைக்கிறீங்க?"

"எது பின்னிணைப்பு சார்?"

"அந்த ஆள் எழுதினதுதான்."

ரத்தினபாய் வாயை முந்தானையால் பொத்திக்கொண்டாள். ஞானையா என்ன என்ன என்று கையாட்டினார். அவள் தலையாட்டிவிட்டு, குரலைச் சரிசெய்துகொண்டு, "எட்டு பாயின்ட்" என்றாள்.

"எட்டு ரொம்பச் சின்னது. பூதக்கண்ணாடி வேணும்."

"வேணுங்கறவங்க வெச்சுப் படிக்கட்டும் சார். மேல 'பிரசுரகர்த்தர் சேர்த்தவை'ன்னு தலைப்பு. அதை மட்டும் பதினாலு வைக்கறேன்."

சம்பந்தம் சிரித்தாரா இருமினாரா என்று தெரியவில்லை. "தலைப்பு?"

"'வாசற்படி தாண்டியவள்'. முன்னுரை வேண்டாம். அந்த நோட்டீசை முதல் பக்கமா வைங்க."

"வைக்கறேன். ஆனா ஒண்ணு. இது பிரச்சினையைக் கிளப்பும். பழைய பதிப்பை வெச்சு ஆராய்ச்சி பண்ணவங்க எத்தனை பேர் இருக்காங்க தெரியுமா? போன் பண்ணுவாங்க, கூட்டம் போட்டுத் திட்டுவாங்க, டைப் பண்றவளுக்கு என்ன தெரியும்பாங்க. நான் பதில் சொல்ல மாட்டேன். பதிப்பாசிரியர்னு உங்க பேரைத்தான் போடப் போறேன். நீங்கதான் பதில் சொல்லணும். முடியுமா?"

பதினேழு வருஷத்தில் எண்பது தொண்ணூறு புத்தகம் அடித்திருப்பாள். ஒன்றிலும் அவள் பெயர் வந்ததில்லை. வர வேண்டும் என்று நினைத்ததும் இல்லை. எதிரே ஞானையா வெங்காயக் கையோடு கண்ணைத் துடைத்துவிட்டு எரிச்சலில் சிமிட்டிக்கொண்டிருந்தார்.

"பேர் மட்டும் போதாது சார்" என்றாள். "கீழ என் வீட்டு அட்ரஸையும் போடுங்க. போன்ல எதுக்குத் திட்டணும். கேக்கறவங்க செம்பாக்கத்துக்கு வரட்டும்."